பழைய லேண்ட் ரோவருக்கு எந்த டீசல் என்ஜின்? ஓர் ஒப்பீட்டு அலசல்

சீரீஸ் 3 லேண்ட் ரோவரை எடுத்துச் சீரமைப்பவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது, "எந்த டீசல் என்ஜினை வைக்கலாம்?" என்பதுதான். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: என்ஜினுக்குப் பின்னால் இருக்கும் கியர்பாக்ஸும் ஆக்சிலும் எவ்வளவு தாங்கும்? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் பட்டியலில் பாதி தானாகவே விலகிவிடும்.

1971 முதல் 1985 வரை வந்த இந்த வண்டியின் 2286 சிசி பெட்ரோல் என்ஜின் எழுபது சொச்சம் குதிரைத்திறனும் சுமார் 168 நியூட்டன் மீட்டர் டார்க்கும் தரும். கம்பெனியே கொடுத்த 2.25 லிட்டர் டீசல் அதைவிடவும் சாது. 62 குதிரைத்திறன், 140 நியூட்டன் மீட்டர், அவ்வளவுதான். கியர்பாக்ஸ், இயக்கத்தை ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் பிராப்பெல்லர் ஷாஃப்ட், ஆக்சிலுக்குள்ளிருந்து சக்கரத்தைச் சுழற்றும் ஹாஃப் ஷாஃப்ட் எல்லாம் இந்த அளவை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. 88 அங்குல வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம்) வண்டியின் பின் ஆக்சிலில் இருக்கும் 10 ஸ்ப்ளைன் (பல் போன்ற வரி) ஹாஃப் ஷாஃப்ட், பெட்ரோல் என்ஜினோடு ஓடும்போதே உடைவதற்குப் பேர் போனது. 109 அங்குல வண்டிக்கு சீரீஸ் 3 காலத்தில் சாலிஸ்பரி ஆக்சில் கிடைத்தது. அது நல்ல தடிமன். ஆகவே 88-க்கும் 109-க்கும் ஒரே பதில் கிடையாது.

இன்னொன்று கியர் விகிதம். ஆக்சிலின் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியலின் விகிதம் 4.7, முன், பின் ஆக்சில்களுக்கு இயக்கத்தைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸின் ஹை விகிதம் 1.148, டாப் கியர் நேரடி. 7.50-16 டயரோடு 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால் என்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 2,900 சுற்றில் ஓடும். இந்த 2,900-ஐ மறக்க வேண்டாம். கீழே வரும் ஒவ்வொரு என்ஜினையும் இதை வைத்துத்தான் எடைபோடப் போகிறோம்.

பழைய என்ஜினையே புதுப்பிப்பது

இதையும் போட்டியில் சேர்க்காமல் விடக்கூடாது. 1980 முதல் இந்த பெட்ரோல் என்ஜினுக்கு கிராங்க் ஷாஃப்டைத் தாங்க ஐந்து மெயின் பேரிங் வந்தது. அது கிடைத்தால் நல்ல அடித்தளம். வண்டி அசலாக இருக்க வேண்டும், மெதுவாகப் போனால் போதும் என்பவர்கள் போரிங் செய்து, ஹெட்டைச் சரிபார்த்து, கார்புரேட்டரைப் புதுப்பித்தாலே நிறைவாக இருக்கும். எரிபொருள் செலவு மட்டும் குறையாது.

200டிடிஐ

1989-ல் லேண்ட் ரோவரின் முதல் டிஸ்கவரியோடு வந்த 2495 சிசி டர்போ டீசல் இது. டிஸ்கவரி வடிவம் 111 குதிரைத்திறன், 265 நியூட்டன் மீட்டர். டிஃபெண்டர் வடிவம் 107, 255. பிளாக் பழைய 2.25-ன் வம்சத்தில் வந்தது என்பதால் சீரீஸ் வண்டியில் என்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் பெல் ஹவுசிங்கோடு சில ஸ்டட் மாற்றங்களோடு சேர்ந்துவிடும். இரண்டுக்கும் இடையில் வைக்கும் அடாப்டர் பிளேட் வேண்டாம், கிளட்ச் அச்சு சரியாக வருமா என்ற கவலையும் வேண்டாம். வேறு கம்பெனி என்ஜினைப் பொருத்திப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். அரை மில்லிமீட்டர் விலகலே கியர்பாக்ஸின் முன் பேரிங்கைத் தின்றுவிடும்.

டிஸ்கவரி என்ஜினா, டிஃபெண்டர் என்ஜினா என்பது வாங்கும்போதே தெளிவாக இருக்க வேண்டும். டிஸ்கவரியில் டர்போ கீழே தாழ்வாகத் தொங்கும். சீரீஸ் சேசிஸில் அது இடிக்கும். டிஃபெண்டரில் டர்போ மேலே இருக்கும், பிரச்சினை குறைவு. டிஸ்கவரி என்ஜினே கிடைத்தது என்றால் டிஃபெண்டரின் மேனிஃபோல்டையும் டர்போவையும் தேடிப் பிடிக்கலாம். இல்லையென்றால் டர்போவைக் கழற்றிவிட்டு, பம்பில் டீசல் அளவைக் குறைத்து, சாதாரண டீசலாக ஓட்டலாம். பலர் இந்த இரண்டாவது வழியைக் கேவலமாகப் பார்க்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 88 வண்டிக்கு அது மிகப் பொருத்தமான அமைப்பு: டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாய்கள் இல்லை, வெப்பம் குறைவு, ஹாஃப் ஷாஃப்டுக்கும் நிம்மதி.

டர்போவோடு வைத்தால் டார்க் பழையதைப்போல் ஒன்றரை மடங்குக்கும் சற்று அதிகம். இங்கேதான் டிஃபரன்ஷியல் மாற்றம் உதவிக்கு வருகிறது. பழைய ரேஞ்ச் ரோவரின் 3.54 டிஃபரன்ஷியல் இதே ரோவர் வகை ஆக்சிலில் பொருந்தும். ஆரம்பகாலத்தது என்றால் அதே 10 ஸ்ப்ளைன். இதைப் போட்டால் 80 கிலோமீட்டரில் என்ஜின் சுற்று 2,900-லிருந்து சுமார் 2,200-க்கு இறங்கும். அதோடு, டிஃபரன்ஷியல் பெருக்கித் தரும் டார்க் கால்வாசி குறைவதால், ஹாஃப் ஷாஃப்டுக்குப் போய்ச் சேரும் சுமை அதே கியரில் பெட்ரோல் காலத்தைவிட 20 சதவீதம்தான் கூடுதல். கியர்பாக்ஸ் மட்டும் முழுச் சுமையையும் வாங்கும். முதல் கியரிலும் இரண்டாவதிலும் ஆக்சிலரேட்டரை அழுத்திப் பிடிக்காமல் ஓட்டினால் தாங்குகிறது.

மாற்றினால் முன், பின் இரண்டு ஆக்சிலிலும் மாற்ற வேண்டும். ஒன்று 4.7, மற்றொன்று 3.54 என்றால் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்ட உடனேயே டிரான்ஸ்மிஷன் முறுக்கிக்கொள்ளும். ஸ்பீடோமீட்டர் கேபிள் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து வருவதால் அதுவும் பொய் சொல்லும். 60 காட்டும்போது வண்டி 80-ல் போய்க்கொண்டிருக்கும். லோ விகிதத்தில் ஊர்ந்து போகும் வேகமும் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். பாறை, செங்குத்துச் சரிவு என்று ஓட்டுபவர்கள் இதை யோசித்துத்தான் முடிவெடுக்க வேண்டும். அவர்களுக்கு 4.7-ஐ வைத்துக்கொண்டு ஓவர்டிரைவ் சேர்ப்பது நல்லது. ஃபேரி ஓவர்டிரைவ் சுற்றை 22 சதவீதம் வாக்கில் குறைக்கும், தேவையில்லாதபோது விலக்கியும் வைக்கலாம். ஆனால் டர்போவின் டார்க்கை முழுவதும் அதன் வழியே செலுத்தினால் அதற்கு ஆயுள் குறைவு. டர்போ கழற்றிய என்ஜினோடு அது நன்றாக ஒத்துப்போகும்.

குறை இல்லையா? இருக்கிறது. அலுமினிய ஹெட், சூடேறினால் வளையும். டைமிங் பெல்ட்டை 96,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், தூசியிலும் சேற்றிலும் ஓடினால் அதில் பாதியிலேயே. வாங்கிய என்ஜினின் பெல்ட் வரலாறு தெரியாவிட்டால் வண்டியில் ஏற்றுவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

300டிடிஐ, மற்ற சொந்தக்காரர்கள்

1994-ல் வந்த 300டிடிஐ ஏறக்குறைய அதே சக்திதான். சத்தம் கொஞ்சம் குறைவு. ஆனால் என்ஜின் மவுண்ட் இடம் மாறுவதால் சேசிஸில் புதிதாக வெல்டிங் செய்ய வேண்டும். ஆரம்பகால என்ஜின்களில் டைமிங் பெல்ட் நேர்கோட்டில் ஓடாமல் ஓரம் தேய்ந்து அறுந்த கதைகளும் உண்டு. திருத்தப்பட்ட புல்லி செட் போட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 200 கிடைக்கும் இடத்தில் 300-ஐத் தேட எனக்குக் காரணம் தெரியவில்லை.

1986-ல் வந்த 2.5 டர்போ டீசலைத் தவிர்த்துவிடுங்கள். பிஸ்டன் விரிசல் அதன் தீராத நோய். அதற்கு முந்தைய டர்போ இல்லாத 2.5 டீசல் 68 குதிரைத்திறன்தான். ஆனால் சிக்கலே இல்லாமல் உட்காரும், கியர்பாக்ஸையும் உடைக்காது. அவசரமில்லாத மனிதருக்கு அது போதும்.

இசுஸு 4பிடி1

நான் மிக மதிக்கும் என்ஜின் இது. 3.9 லிட்டர், நாலு சிலிண்டர், நேரடி இன்ஜெக்‌ஷன், டைமிங் பெல்ட்டே கிடையாது, எல்லாம் கியர். லாரிக்காகச் செய்யப்பட்டது. ஆஸ்திரேலியாவில் லேண்ட் ரோவருக்குள்ளேயே இது வந்திருக்கிறது. அந்நாட்டு ராணுவத்தின் பெரென்டி வண்டிகள் இந்த என்ஜினோடு பல ஆண்டுகள் உழைத்தன. டர்போ இல்லாத வடிவம் டார்க்கில் 200டிடிஐக்கு அருகில்தான் நிற்கும். ஆனால் டர்போ வேகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் ஐடிலிங்கை ஒட்டியே இழுக்கத் தொடங்கிவிடும். சேற்றில் அது பெரிய வரம்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கம்பெனி இந்த என்ஜினைப் போட்டபோது சீரீஸ் கியர்பாக்ஸை அதன் பின்னால் வைக்கவில்லை. ரேஞ்ச் ரோவரிலிருந்து வந்த எல்டி95 என்ற கனமான நான்கு கியர் பெட்டியைத்தான் வைத்தது. 1979-ல் சீரீஸ் 3 உடலில் 3.5 லிட்டர் வி8 வைத்து ஸ்டேஜ் 1 என்று விற்றபோதும் அப்படித்தான். என்ஜினை 91 குதிரைத்திறனுக்கு அடக்கி, எல்டி95 பெட்டியும் 3.54 டிஃபரன்ஷியலும் கொடுத்தார்கள். வண்டியை வடிவமைத்தவர்களே பழைய கியர்பாக்ஸை நம்பவில்லை என்றால், நாம் நம்புவதற்கு என்ன காரணம் இருக்கிறது?

ஆகவே இசுஸு என்று முடிவெடுத்தால் கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், பிராப்பெல்லர் ஷாஃப்ட் நீளம் எல்லாம் சேர்ந்துதான் மாறும். வேலை இரட்டிப்பு. 109 வண்டியில், சாலிஸ்பரி ஆக்சிலோடு, பாரம் ஏற்றி நெடுந்தூரம் போகிறவருக்கு அந்த உழைப்பு வீண் போகாது. 88-ல் இது அதிகப்படி.

கம்மின்ஸ் 3.9

நாலு சிலிண்டர், சுமார் 340 கிலோ எடை, வழக்கமான வடிவத்தில் 105 குதிரைத்திறன், 360 நியூட்டன் மீட்டர் டார்க். உறுதியில் குறை சொல்ல முடியாது. இதற்கும் டைமிங் கியர்தான், பம்பும் மெக்கானிக்கல். உதிரி பாகமும் விவரமும் எளிதாகக் கிடைக்கும் என்பதால் ஆர்வலர்களிடம் இதற்கு ஒரு கூட்டமே இருக்கிறது.

சீரீஸ் வண்டிக்கு இது ஒத்துவராது என்பது என் கருத்து. இந்த என்ஜின் முழுத் திறனைத் தரும் மதிப்பிட்ட வேகம் 2,500 சுற்று அளவில். முன்பு சொன்ன கணக்கில் வைத்துப் பாருங்கள்: 4.7 டிஃபரன்ஷியலோடு 68 கிலோமீட்டரிலேயே மூச்சு முட்டும். 3.54 போட்டால் 90. டார்க் பெட்ரோல் என்ஜினைப்போல் இரு மடங்குக்கு மேல். 3.54 போட்ட பிறகும் ஹாஃப் ஷாஃப்ட் மீது 60 சதவீதம் கூடுதல் சுமை விழும். முன் ஆக்சில் மேல் நூறு கிலோவுக்குக் குறையாமல் கூடும், பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியில். பட்டை ஸ்பிரிங், ஸ்டியரிங் பெட்டி, டிரம் பிரேக் மூன்றையும் மாற்றியாக வேண்டும். அதிர்வு வேறு. மெல்லிய அலுமினிய உடலும் கண்ணாடி பிரேம்களும் ஓயாமல் நடுங்கும். எல்லாவற்றையும் மாற்றி முடித்தபின் லேண்ட் ரோவரில் மிஞ்சுவது மேல் தகடு மட்டும்தான்.

மெர்சிடிஸ் ஓஎம்617

மூன்று லிட்டர், ஐந்து சிலிண்டர். டர்போ வடிவம் 1978-ல் வந்தது. 250 நியூட்டன் மீட்டர், அதுவும் 2,400 சுற்றில்தான் உச்சம். உயர்ந்த சுற்றில் சுகமாக ஓடும் கார் என்ஜின் என்பதால், வினோதமாக, பழைய 4.7 விகிதத்தோடு நன்றாகச் சேரும். டைமிங் செயின், சளைக்காத இன்லைன் பம்ப், மென்மையான ஓட்டம். நீளம் கூடுதல் என்பதால் ரேடியேட்டரை முன்னே தள்ள வேண்டியிருக்கும், ஆயில் சம்ப் ஆக்சிலில் தட்டாமல் பார்க்க வேண்டும், அடாப்டர் பிளேட் கட்டாயம். என்ஜினை நிறுத்துவதுகூட வேக்யூம் வழியாகத்தான். அந்தக் குழாயில் கசிவு வந்தால் சாவியைத் திருப்பினாலும் என்ஜின் நிற்காது. நல்ல நிலையில் ஒன்று கையில் இருக்கிறது, அடாப்டரைத் துல்லியமாகக் கடைந்து தர ஆளும் இருக்கிறார் என்றால் மகிழ்ச்சியாக வையுங்கள். இதற்காகவே தேடி அலைய வேண்டாம்.

காமன் ரெயில் போன்ற எலக்ட்ரானிக் என்ஜின்கள் திறமையானவைதான். ஆனால் கம்ப்யூட்டர், சென்சார், வயரிங் எல்லாம் சேர்ந்து வரும். வழியில் நின்றால் ஸ்பேனரை வைத்துச் சரிசெய்யும் சுதந்திரம் போய்விடும். பழைய வண்டியை வைத்திருப்பதன் பாதி இன்பமே அந்தச் சுதந்திரம்தான்.

என் தேர்வு, வேலையின் வரிசை

88 என்றால் 200டிடிஐ. ஏறி இறங்கும் காட்டுப் பாதைதான் அதிகம் என்றால் டர்போ இல்லாமல், 4.7, ஓவர்டிரைவ். சாலைதான் அதிகம் என்றால் டர்போவோடு, 3.54. 109 வைத்திருப்பவர் அதே 200டிடிஐயை யோசிக்காமல் வைக்கலாம். பாரம் இழுப்பதே வாழ்க்கை என்றால் மட்டும் இசுஸுவும் எல்டி95-ம்.

எதை வைத்தாலும் முதல் வேலை சேசிஸ். உடல் அலுமினியம் என்பதால் வெளியே பளபளப்பாக இருக்கும், உள்ளே எஃகு சேசிஸும், என்ஜினுக்கும் கேபினுக்கும் இடையிலான பல்க்ஹெட்டும் துருப்பிடித்து உதிரும். சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் அவுட்ரிகர், பின் குறுக்குச் சட்டம், பல்க்ஹெட்டின் கால் வைக்கும் பகுதி மூன்றையும் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். சேசிஸே மாற்றுவதாக இருந்தால் என்ஜின் மவுண்டை அதிலேயே வெல்டிங் செய்து, பிறகு கால்வனைஸ் பூசுவது சரி. பூசிய பிறகு வெல்டிங் செய்தால் அந்த இடத்தில்தான் துரு தொடங்கும்.

பெட்ரோல் வண்டியை டீசலாக்கும்போது மறந்துபோகிற சங்கதிகள்: டேங்கில் டீசல் திரும்பி வரும் லைன் இருக்காது, புதிதாக வைக்க வேண்டும். டேங்கை முழுக்கக் கழுவி, வழியில் தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்று போடுங்கள். டீசல் என்ஜினில் இன்டேக் வேக்யூம் கிடையாது, ஆகவே பிரேக் மிதிக்கு உதவும் சர்வோ இருந்தால் வேக்யூம் பம்ப் அவசியம். இன்னும் பழைய சீரீஸ் 2ஏ வண்டியாக இருந்தால் பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை வண்டி உடலோடு இணைந்த) வயரிங்கா என்று பார்த்து, ஆல்டர்னேட்டரைக் கோர்ப்பதற்கு முன் மாற்றிவிட வேண்டும். வண்டி ஆவணத்தில் என்ஜின் எண்ணும் எரிபொருள் வகையும் மாற வேண்டும். அதற்கான அனுமதி கிடைக்குமா என்பதை என்ஜினுக்குக் காசு கொடுப்பதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.