காலை பர்கர் மிஷினும் வீட்டுத் தோசைக்கல்லும்

பன், சீஸ், கறி கட்லெட், முட்டை ஆகிய நான்கையும் அடுக்கி வைத்தால் ஐந்து நிமிடத்தில் முழு பர்கராக எடுத்துத் தரும் என்று சொல்லி விற்கப்படும் மின்சார மிஷின் ஒன்றைத் திருப்பூரில் உள்ள எங்கள் வீட்டில் சில மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறோம். இணையத்தில் மூவாயிரம் ரூபாய்க்குச் சற்று மேல் கொடுத்து வாங்கியது. காலையில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் பனியன் கம்பெனிக்கும் பள்ளிக்கும் ஓட வேண்டிய வீடுகள் இவ்வூரில் ஏராளம் என்பதால், இம்மிஷின் எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். என் முடிவு இதுதான்: ஓர் ஆளுக்குச் சமைக்க இது நல்ல மிஷின், நான்கு பேர் உள்ள வீட்டுக்குத் தோசைக்கல்லே போதும். அதிலும் கட்லெட்டைச் சுடுவதற்குக் கல்லை விட்டால் வேறு வழியே இல்லை.

மிஷின் வேலை செய்யும் முறை எளிது. அடித்தட்டின் மேல் ஒரு வளையம், அதன் மேல் பக்கவாட்டில் தள்ளக்கூடிய நடுத்தட்டு, அதற்கும் மேல் இன்னொரு வளையம், கடைசியாக மூடி. பன்னின் அடிப்பாதியைக் கீழ் வளையத்துக்குள் வைத்து, அதன் மேல் சீஸையும் முன்பே வெந்த கட்லெட்டையும் வைக்க வேண்டும். நடுத்தட்டை இறக்கி, மேல் வளையத்துக்குள் முட்டையை உடைத்து ஊற்றி, பன்னின் மேல்பாதியால் மூடிவிட வேண்டும். முட்டை வெந்ததும் நடுத்தட்டின் கைப்பிடியைப் பிடித்து வெளியே தள்ளினால், மேலே இருக்கும் முட்டையும் பன்னும் கீழே இருக்கும் கட்லெட்டின் மேல் தாமாகவே வந்து அமர்ந்துகொள்கின்றன. முதல் முறை பார்க்கும் எவரும் சிரிப்பார்கள். அவ்வளவு நேர்த்தியான ஏற்பாடு. 600 வாட் மிஷின் என்பதால், சூடேறுவதற்கு ஐந்து நிமிடமும் வேகுவதற்கு ஐந்து நிமிடமும் சேர்த்தாலும் யூனிட்டில் பத்தில் ஒரு பங்குதான் செலவாகிறது.

'முன்பே வெந்த' என்று மேலே எழுதியதை விளம்பரங்கள் மெல்லிய எழுத்தில்தான் சொல்கின்றன. பச்சைக் கறியை இதில் வைக்கக் கூடாது என்று கையேட்டிலேயே எழுதியிருக்கிறார்கள்; அது சரியான எச்சரிக்கைதான். கொத்திய கோழிக்கறி உட்புறம் 74 டிகிரி செல்சியஸை எட்டினால்தான் பாதுகாப்பாக உண்ண முடியும். பன்னுக்கும் தட்டுக்கும் இடையில் மூடப்பட்டுக் கிடக்கும் கறிக்கு அந்தச் சூடு ஐந்து நிமிடத்தில் சீராகப் போய்ச் சேராது. அப்படியே நீண்ட நேரம் வைத்து வேக வைத்தாலும் கறி சிவக்காது. மூடிய இடத்தில் கறியிலிருந்து வெளியேறும் நீர் ஆவியாகச் சுற்றிக்கொண்டிருக்கும் வரை அதன் மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது. நாம் விரும்பும் அந்த முறுகலும் மணமும் 140 டிகிரிக்கு மேல்தான் உண்டாகின்றன. ஆகவே ஐந்து நிமிடத்தில் பர்கர் என்பது, கட்லெட்டைச் சுட்டு வைத்த பிறகு உள்ள ஐந்து நிமிடக் கணக்குதான்.

கட்லெட்டைப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்; பர்கர் காலை உணவாக வயிற்றில் நிற்பதும் நிற்காததும் அதைப் பொறுத்தே அமைகிறது. கடைகளில் உறைய வைத்து விற்கும் கட்லெட்டுகள் மிஷினுக்கு அளவெடுத்தாற்போல் பொருந்தினாலும், அவற்றில் மாவும் ரொட்டித்தூளும் மிகுந்து கறி பின்னுக்குப் போய்விடுகிறது. எங்கள் வீட்டில் பள்ளிபாளையம் சிக்கனின் பக்குவத்தையே கட்லெட்டுக்கு மாற்றிக்கொண்டோம். மசாலாப் பொடி எதுவும் இல்லாமல் சின்ன வெங்காயம், வரமிளகாய், தேங்காய்ப் பல், கறிவேப்பிலை, மஞ்சள் ஆகியவற்றை மட்டும் நம்பி நிற்கும் பதார்த்தம் அது. எலும்பு நீக்கிய தொடைக்கறியைக் கடையிலேயே கொத்தித் தரச் சொல்ல வேண்டும். நெஞ்சுக்கறியில் கொழுப்பு மிகக் குறைவு என்பதால் கட்லெட் வறண்டுவிடும். அரைக் கிலோ கொத்துக்கறிக்கு ஒரு கைப்பிடி சின்ன வெங்காயத்தைப் பொடியாக அரிந்து, விதை நீக்கி வெந்நீரில் ஊறவைத்த ஆறேழு வரமிளகாயைக் கொரகொரப்பாக அரைத்து, பொடியாக நறுக்கிய தேங்காய் இரண்டு மேசைக்கரண்டி, கால் தேக்கரண்டி மஞ்சள், கிள்ளிய கறிவேப்பிலை, உப்பு ஆகியவற்றைச் சேர்த்துப் பிசைய வேண்டும்.

இந்தப் பிசைதலில் சோம்பக் கூடாது. உப்பு பட்டதும் கோழிக்கறியில் உள்ள புரதம் கரைந்து பசைபோல் ஒட்டத் தொடங்கும். கையில் ஒட்டும் பதம் வந்துவிட்டால் முட்டையோ மைதாவோ இல்லாமலே கட்லெட் உடையாமல் நிற்கும். அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, நூறு கிராம் அளவில் தட்ட வேண்டும். சூட்டில் கறி சுருங்கும் என்பதால் பன்னைவிட ஒரு விரல் அகலமாகவும், நடுவில் சற்றுக் குழிவாகவும் தட்டிக்கொண்டால், வெந்த பின் பன்னின் அளவுக்கே வந்து நிற்கும். கனமான இரும்புத் தோசைக்கல்லை நன்றாகக் காய வைத்து, கடலை எண்ணெய் விட்டு, பக்கத்துக்கு நான்கு நிமிடம் அசைக்காமல் சுட்டால் போதும். கல்லில் வெண்ணெய் விட வேண்டாம். அதில் உள்ள பால் திடப்பொருள் அந்தச் சூட்டில் கருகிக் கசந்துவிடும்.

ஊத்துக்குளி வெண்ணெயைப் பன்னுக்கு வைத்துக்கொள்ளலாம். பன்னின் வெட்டிய பக்கத்தில் தடவி மிஷினின் அடித்தட்டில் படும்படி வைத்தால் அது பொன்னிறமாகிறது. இந்த ஓர் இடத்தில் மிஷினின் சூடு நன்றாகவே வேலை செய்கிறது. பன்னைத் தேர்வு செய்வதில்தான் தொல்லை. மிஷினின் வளையம் ஏறத்தாழ பத்து சென்டிமீட்டர் அகலமுள்ளது. மேல்நாடுகளில் கிடைக்கும் தட்டையான மஃபினை மனத்தில் வைத்துச் செய்தது. நம் ஊர் பேக்கரி பன் அதைவிட உயரமாகவும் மென்மையாகவும் இருப்பதால் மூடி முழுதாக மூடுவதில்லை. அழுத்தி மூடினால் பன் நசுங்கி முட்டையில் ஒட்டிக்கொள்கிறது. முந்தைய நாள் பன்னை வாங்கி, மேல்பாதியைச் சற்று மெல்லியதாக அறுத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் பெருமளவு தீர்ந்துவிடும். பேக்கரி பன்னில் தூக்கலாக இருக்கும் இனிப்பைக் குறையாகச் சொல்ல மாட்டேன்; வரமிளகாய்க் காரத்துக்கு அது நன்றாக ஈடுகொடுக்கிறது.

முட்டையில் மிஷின் வெற்றி பெறுகிறது என்றே சொல்ல வேண்டும். நாமக்கல் முட்டை நம் வட்டாரத்தில் எந்தக் கடையிலும் கிடைக்கும். ஐம்பது கிராம் அளவுள்ள நடுத்தர முட்டை வளையத்துக்குள் சரியாக அடங்குகிறது. மஞ்சள் கருவை உடைக்காமல் விட்டு நான்கு நிமிடத்தில் எடுத்தால் ஆஃப்பாயில் பதம் கிடைக்கிறது. குத்திவிட்டு இன்னும் ஒரு நிமிடம் வைத்தால் ஃபுல்பாயில். மூடியிலிருந்து இறங்கும் சூட்டிலும் ஆவியிலும் வேகுவதால் வெள்ளைக்கரு ரப்பராகாமல் மிருதுவாகவே நிற்கிறது, ஓரம் மட்டும் முறுகுவதில்லை. பெரிய முட்டையை ஊற்றினாலோ நடுத்தட்டு முழுதாக உள்ளே போகாமல் இருந்தாலோ வெள்ளைக்கரு இடுக்கில் வழிந்து கட்லெட்டின் மேல் கட்டிகட்டியாக உறைந்துவிடும். தட்டில் நெய்யோ வெண்ணெயோ தடவாமல் முட்டை ஊற்றினால் கைப்பிடியைத் தள்ளும்போது முட்டை கிழிந்துபோகும்.

கறி சாப்பிடாதவர்களுக்கு இம்மிஷின் ஒரு படி கூடுதலாகவே பயன்படும் என்பது என் கருத்து. வேக வைத்த கொள்ளுடன் உருளைக்கிழங்கு, சீரகம், பூண்டு சேர்த்துத் தட்டிய கட்லெட்டை முதல் நாள் இரவே கல்லில் சிவக்க வைத்து எடுத்து வைத்துவிட்டால், காலையில் சூடேற்றும் வேலை மட்டுமே மிஞ்சுகிறது. முட்டைக்குப் பதிலாகப் பனீர்த் துண்டை மேல் வளையத்தில் வைக்கலாம். கொள்ளு தனியாக நின்றால் பொலபொலவென்று உதிரும், உருளைக்கிழங்கு கட்டாயம் வேண்டும்.

நேரக் கணக்கில்தான் மிஷின் தோற்றுவிடுகிறது. ஒரு பர்கருக்கு ஐந்து நிமிடம் என்றால் நான்கு பேருக்கு இருபது நிமிடம். கடைசி ஆளுடையது தயாராகும்போது முதல் ஆளின் தட்டு காலியாகிவிடும். பெரிய தோசைக்கல்லில் நான்கு கட்லெட்டையும் ஒரே ஈட்டில் சுட்டு, அதே கல்லில் பன்னையும் முட்டையையும் போட்டு எடுத்தால் கால் மணி நேரத்தில் வேலை முடிந்துவிடுகிறது. மகளின் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) இதைப் பார்த்த அன்றே, "இதுக்கு எதுக்குங்க கண்ணு மிசினு, கல்லு இருக்குதல்லங்க?" என்று கேட்டார். எங்கள் வீட்டைப் பொறுத்தவரை அவர் கேட்டது நியாயமே. ஆனால், கோயம்புத்தூரில் கேஸ் அடுப்பு வைக்க அனுமதியில்லாத வாடகை அறையில் தங்கிப் படிக்கும் பையனுக்கோ, விடியற்காலை ஷிஃப்டுக்குத் தனியாகக் கிளம்பும் ஒருவருக்கோ, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சுட்டு உறைய வைத்த கட்லெட்டுகளுடன் இம்மிஷினும் இருந்துவிட்டால் வாரம் முழுவதும் காலை உணவுக்குக் கடை தேட வேண்டியதில்லை. உறைய வைத்ததை முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றி இளக விட வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

கழுவுவது எளிது, வளையங்கள் தனியே கழன்று வருகின்றன. ஒட்டாத பூச்சு என்பதால் இரும்புக் கரண்டியும் கம்பி நாரும் படக் கூடாது. மின்கம்பி குட்டையாக இருப்பதால் பிளக்குக்கு அருகிலேயே இடம் ஒதுக்க வேண்டியிருக்கிறது. நேரம் முடிந்தால் ஒலிக்கும் மணியோ தனியான சுவிட்சோ இல்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், எடுத்ததும் பிளக்கைப் பிடுங்க வேண்டும்.

வாங்க எண்ணுபவர்கள் பெட்டியின் மேல் 230 வோல்ட் என்று இருக்கிறதா என்பதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். இவ்வகை மிஷின்கள் அமெரிக்காவில் 120 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டு விற்கப்படுகின்றன. ஊருக்கு வரும் உறவினர் அன்பாக வாங்கி வந்து கொடுத்ததைப் பிளக் மாற்றி நேரே நம் மின்சாரத்தில் செருகினால், அது உண்டாக்கும் சூடு மூன்றரை மடங்குக்கும் மேலாகி, முதல் முட்டை வேகுவதற்குள் உள்ளே இருக்கும் கம்பி எரிந்துவிடும்.