பாறையோடு முகம் வைத்துப் பார்க்க ஒரு கைவில்லை

நான் இலங்கை மலைநாட்டில், தலவாக்கலையில் உயர்தர உயிரியல் படிப்பிக்கிறேன். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் கடலைப் பார்த்ததே இல்லை. போன வருடம் கண்டியில் ஒரு கடையில் பத்து மடங்கு பெரிதாக்கும் மடக்குக் கைவில்லை ஒன்று வாங்கினேன். கட்டைவிரல் அளவுதான். ஓகஸ்டில் கிழக்குக் கடல் அமைதியாக இருந்த நேரம், பஸ் பிடித்துப் பிள்ளைகளைத் திருகோணமலைக்குக் கூட்டிப்போனபோது அதுவும் என் கழுத்தில் தொங்கியது.

அங்கே பாறை முழுக்கக் கொட்டலசு. வெறுங்காலைக் கிழிக்குமே, அந்தச் சுண்ணாம்புக் கூம்புகள்தான்; உள்ளே ஒரு சின்னக் கடல் விலங்கு இருக்கும். வெறும் கண்ணுக்குப் பெரியவை மட்டுமே தெரியும். வில்லையைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு பாறைக்கு ஓர் அங்குலம் வரை குனிய வேண்டும். குனிந்தால், வெடிப்புகளுக்குள்ளே கடுகிலும் சிறிய வெள்ளைப் புள்ளிகள். ஒவ்வொன்றிலும் ஓட்டின் தட்டுகள் தெளிவாகத் தெரிகின்றன. எல்லாம் அண்மையில் வந்து ஒட்டிய குஞ்சுகள்.

இந்த வில்லையை நான் இவ்வளவு மதிப்பதற்கு அந்தப் புள்ளிகள்தான் காரணம். பெரிய ஓடு பழைய கதை. கடந்த சில வாரங்களில் கடல் என்ன செய்தது என்பதைக் குஞ்சுதான் சொல்லும். முட்டையிலிருந்து வந்த குடம்பி, அதாவது மிதந்து திரியும் இளம் உயிர், நோப்ளியஸ் என்ற முதல் பருவத்தின் ஆறு நிலைகளைக் கடந்து சைப்ரிஸ் என்ற கடைசிக் குடம்பி ஆகிறது. சைப்ரிஸ் எதுவும் சாப்பிடாது. உணர்கொம்பால் பாறையைத் தடவித் தடவி இடம் தேடும். பிடித்த இடத்தில் தலையை ஒட்டிக்கொண்டு கொட்டலசாக மாறியபின், மிச்ச வாழ்நாள் முழுக்கக் காலால் உணவை வாரிச் சாப்பிடும். அதுவரை மிதந்து திரியும் வாரங்களில் அதன் தலையெழுத்து காற்றின் கையிலும் நீரோட்டத்தின் கையிலும். உதாரணமாக, கலிபோர்னியாக் கரையில், காற்று கரையோரமாகப் பலமாக வீசினால் மேல்நீர் வெளிக்கடலுக்குப் போய், அடியிலிருந்து குளிர்நீர் மேலே வரும். மேல்நீரில் இருக்கும் குடம்பிகளும் அதோடு போய்விடும். காற்று ஓய்ந்தால் நீர் கரைக்குத் திரும்பும், அப்போது குஞ்சுகள் கூட்டமாக வந்து ஒட்டும். நீர் கொஞ்சம் சூடானால் குடம்பி வேகமாக வளரும், மிதக்கும் நாள் குறையும். சரி, ஒட்டியாயிற்று என்றாலும் நிம்மதியில்லை. நீர் வற்றிய நேரத்து மத்தியான வெயில் அந்தக் கடுகைத்தான் முதலில் வாட்டும்.

ஒரு மாணவி வில்லையை இறக்காமலே கேட்டாள்: "டீச்சர், நம்ம ஆத்துத் தண்ணியும் இங்கயா வருது?" வருகிறது. எங்கள் ஊரைத் தாண்டிப் போகும் கொத்மலை ஓயா மகாவலியில் சேர்ந்து, மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி, திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் கடலோடு கலக்கிறது. மழை கொட்டும் மாதங்களில் ஆற்று நீர் பெருகினால் குடாவில் உப்பு குறையும். வளர்ந்த கொட்டலசு வாயை மூடிச் சமாளிக்கும், குடம்பிக்கு அது முடியாது. அந்தப் பிள்ளை கேட்டிராவிட்டால் இதை நான் பாடத்தில் சேர்த்திருக்கவே மாட்டேன்.

குறைகளும் உண்டு. எங்கள் ஊர் மூடுபனியில் கண்ணாடிகளுக்கு இடையில் ஆவி பிடிக்கிறது, துடைக்க வழியில்லை. கடலிலிருந்து திரும்பிய இரண்டாம் வாரமே திருகாணியில் துரு. மாற்றித் தரச் சொல்லிக் கேட்டேன், கடையில் மறுத்துவிட்டார்கள். வந்த அன்றே நல்ல தண்ணீரில் கழுவி வெயிலில் உலர்த்தியிருக்க வேண்டும், அதை வாங்கும்போதே சொல்லியிருக்கலாம். சைப்ரிஸின் கால்களைப் பார்க்க இது போதாது, அதற்கு நுணுக்குக்காட்டிதான். அதற்காக இருபது மடங்கு வில்லைக்குப் போகாதீர்கள். பார்வைப் பரப்பு சுருங்கிவிடும், பாறையில் குந்தியிருக்கும்போது கை ஆடினால் எதுவும் பிடிபடாது.

அடுத்த ஓகஸ்டுக்கு இன்னும் நான்கு வாங்கப் போகிறேன், இதே வகைதான். நீங்களும் வாங்கினால் முதல் வேலையாகக் கயிறு கட்டுங்கள். எங்களோடு வந்த ஆசிரியரின் வில்லை பாறை இடுக்கில் விழுந்து போனது, கடைசி வரை கிடைக்கவில்லை.