கோல்ஃப் கிட்டோடு வெளிநாடு: நாமே திட்டமிட்டுப் போய்வந்த அனுபவம்

பெங்களூரிலிருந்து வெளிநாட்டுக்கு கோல்ஃப் ஆடப் போக இரண்டு வழி இருக்கிறது. ஐந்து நாளில் ஐந்து கோர்ஸ் (கோல்ஃப் மைதானம்) என்று கட்டித்தரும் பேக்கேஜ் ஒன்று. டீ டைம் (ஆட்டம் தொடங்க முன்பதிவு செய்யும் நேரம்) முதல் டாக்ஸி வரை எல்லாவற்றையும் நாமே பார்த்துக்கொள்வது இன்னொன்று. நானும் அல்சூர் நண்பர்களும் சில வருடங்களாக இரண்டாவது வழியில்தான் போகிறோம். யோசனை கேட்பவர்களிடம் நான் சொல்வது இதைத்தான்: ஒரே ஊரில் தங்குங்கள், ஒரே கோர்ஸில் இரண்டு முறை ஆடுங்கள். முதல் ரவுண்டு வேடிக்கை பார்ப்பதிலேயே போய்விடும். எந்த பங்கர் (மணல் குழி) எங்கே ஒளிந்திருக்கிறது, கிரீன் (பந்து விழும் குழியைச் சுற்றிய வழுவழுப்பான புல்தரை) எந்தப் பக்கம் சாய்கிறது என்பதெல்லாம் தெரிந்து ஆடுவது இரண்டாவது ரவுண்டில்தான்.

முதல் பயணத்துக்கு இலங்கையைச் சொல்வேன். விமானப் பயணம் குறைவு, சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. 1879இல் தொடங்கிய ராயல் கொழும்பு கிளப்பின் மைதானத்துக்கு நடுவே ரயில் பாதை ஓடுகிறது. ஆனால் என் மனசு நுவரெலியாவில்தான். அங்கே கிளப் 1889இலிருந்து இருக்கிறது. மலையகத் தமிழர் வாழும் ஊர் என்பதால் கேடியிடம் (கூடவே பை தூக்கி வந்து வழி சொல்பவரிடம்) தமிழிலேயே பேசலாம். "ஐயா, கொஞ்சம் இடது பக்கமாப் பாருங்க" என்று பட்டிங் லைனை, அதாவது பந்தைக் குழிக்கு உருட்ட வேண்டிய திசையை, நம் மொழியிலேயே கேட்கும் சுகத்தை வேறு எந்த நாட்டிலும் நான் அனுபவித்ததில்லை. ஏப்ரலில் மட்டும் போகாதீர்கள். புத்தாண்டுக் கூட்டத்தில் ஊரே நிறைந்திருக்கும், அறை வாடகையும் ஏறிவிடும். பிப்ரவரி, மார்ச் நல்ல சமயம்.

உயரத்தையும் கணக்கில் வைக்க வேண்டும். பெங்களூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று லேசாக இருப்பதால் பந்து கூடுதலாகப் பறக்கும். நாம் அதைத்தான் நம் தூரம் என்று மனசில் பதித்து வைத்திருக்கிறோம். கொழும்பில் கடல் மட்டத்தில் அடித்தால், இங்கே 150 யார்டு போகும் அடி ஏறக்குறைய ஐந்து யார்டு குறையும். நுவரெலியாவோ 1,800 மீட்டருக்கும் மேலே, அங்கே அதே அடி கிரீனைத் தாண்டி விழும். கை இதற்குப் பழகவே ஒரு ரவுண்டு ஆகிவிடும். தினம் ஒரு கோர்ஸ் மாற்றினால் பழகுவதற்குள் ஊருக்குத் திரும்பிவிடுவோம்.

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸுக்குப் போனால் குறைந்தது ஐந்து நாளாவது அங்கேயே தங்குங்கள். அங்குள்ள பழைய மைதானமான ஓல்ட் கோர்ஸில் ஆட குலுக்கல் உண்டு. ஆடும் நாளுக்கு இரண்டு நாள் முன்னதாகப் பெயர் கொடுக்க வேண்டும். ஒரு நாள் விழவில்லை என்றால் மறுநாளுக்குக் கொடுக்கலாம். அதனால்தான் நாள் கையில் இருக்க வேண்டும் என்கிறேன். அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை, ஓல்ட் கோர்ஸை நடத்தும் அறக்கட்டளையின் கீழ் நியூ, ஜூபிலி, ஈடன் உட்பட இன்னும் ஆறு கோர்ஸ்கள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை ஓல்ட் கோர்ஸில் ஆட்டம் கிடையாது, ஊர்க்காரர்கள் நடை போக வருவார்கள். சனிக்கிழமையே போய்ச் சேர்ந்து, ஞாயிறன்று அந்தப் புல்தரையில் நடந்து பாருங்கள். ஏழு பெரிய கிரீன்களை இரண்டிரண்டு ஹோல்கள் (குழிகள்) பகிர்ந்துகொள்கின்றன. இரண்டாவதோடு பதினாறாவது, மூன்றாவதோடு பதினைந்தாவது என்று எந்த ஜோடியைக் கூட்டினாலும் பதினெட்டு வரும். காலால் நடந்து பார்த்தால்தான் அந்த கிரீன்களின் மேடு பள்ளம் பிடிபடும்.

தாய்லாந்தில் ஹுவா ஹின் போதும். ராயல் ஹுவா ஹின் கோர்ஸ் 1924இலிருந்து ரயில் நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. அங்கே கேடி அநேகமாகக் கட்டாயம், டிப்ஸைத் தனியாக பாட் நோட்டாகக் கையில் வைத்திருங்கள். வெயில் கடுமை, நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் முடித்துக்கொள்வது நல்லது.

அப்புறம், பை. சக்கரம் வைத்த துணி உறையைத்தான் இத்தனை வருடமும் பயன்படுத்துகிறேன். அடிப்பக்கம் தேய்ந்துவிட்டது, ஜிப் இன்னும் உறுதி. உள்ளே டிரைவரைவிட (செட்டிலேயே நீளமான கிளப்) உயரமான ஒரு தாங்குகோல் கட்டாயம் வேண்டும், பை தலைகீழாக விழுந்தாலும் அடியை அது வாங்கிக்கொள்ளும். டிரைவரின் தலையைக் கழற்றி ஒரு ஸ்வெட்டரில் சுற்றிவிடுவேன். கெட்டிப் பெட்டி இன்னும் பாதுகாப்புதான், ஆனால் நம் ஊர் டாக்ஸி டிக்கியில் பாதி இடத்தை சிஎன்ஜி சிலிண்டர் பிடித்துக்கொள்ளும். எனக்கு விமான நிலையம் போகும் வாயு வஜ்ரா பஸ்தான் வசதி. ரேஞ்ச் ஃபைண்டரின் (தூரம் அளக்கும் கருவி) உபரி லித்தியம் பேட்டரியை செக்-இன் பையில் போடக் கூடாது, கைப்பையில் வையுங்கள். கிளப்புகள் புது செட் என்றால் புறப்படும்போதே சுங்க அதிகாரியிடம் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிவிடுங்கள். திரும்பி வரும்போது இது எங்கே வாங்கியது என்ற கேள்விக்கு அந்தத் தாள் பதில் சொல்லும்.