சொந்தப் பணமா, சம்பளமா: இசை நிகழ்ச்சி ஏற்பாட்டாளராக எந்த வழியில் நுழைவது?

இசை நிகழ்ச்சி ஏற்பாட்டாளராக வேண்டும் என்று ஆலோசனை கேட்டு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: தொழிலைக் கற்றுக்கொள்ளும் காலத்தில் யாருடைய பணம் கரையப்போகிறது? உள்ளே போக நான்கு வழிகள் இருக்கின்றன. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் ஒன்று போலவே தெரியும். இந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகிவிடும்.

முதல் வழி, சொந்தப் பணத்தில் சிறிய நிகழ்ச்சி நடத்துவது. இதற்குள்ளேயே இரண்டு பாதைகள் உண்டு. இசைக்குழுவுக்கு இவ்வளவு என்று உறுதித் தொகை பேசுவது ஒன்று. செலவு போக மிஞ்சும் வசூலில் பங்கு கொடுப்பது மற்றொன்று. கணக்கைப் பணத்தில் போடாமல் டிக்கெட்டில் போட்டுப் பாருங்கள். அரங்கில் 200 பேருக்கு இடம் இருக்கிறது. வாடகை, ஒலி, ஒளி, விளம்பரம் எல்லாம் சேர்ந்து 70 டிக்கெட்டின் விலை. குழுவுக்கான உறுதித் தொகை இன்னும் 60 டிக்கெட். ஆக, 130 டிக்கெட் விற்கும்வரை உங்களுக்கு ஒரு காசும் நிற்காது. 90 பேர்தான் வந்தார்கள் என்றால் 40 டிக்கெட்டின் பணம் உங்கள் கையிலிருந்து போகும். அதே இரவுக்கு 80க்கு 20 என்று பங்கு பேசியிருந்தால், செலவு போக மிஞ்சும் 20 டிக்கெட்டில் குழுவுக்கு 16, உங்களுக்கு 4. சொற்பம்தான். ஆனால் அடுத்த மாதம் இன்னொரு நிகழ்ச்சி நடத்தத் தெம்பு இருக்கும்.

அரங்கு நிறைந்துவிட்டால் நிலைமை தலைகீழாகும். உறுதித் தொகை பேசியவருக்கு 70 மிஞ்சும், பங்கு பேசியவருக்கு 26தான். அந்த 70ஐ மனதில் வைத்துத்தான் புதியவர்கள் ஒப்பந்தத்துக்குத் தலையாட்டுகிறார்கள். நானும் அப்படித்தான் தலையாட்டினேன். என் மூன்றாவது நிகழ்ச்சியில், இரவு ஒன்பதரை மணிக்கு வாசலில் நின்ற பெண் கையிலிருந்த எண்ணும் கருவியை என் பக்கம் திருப்பிக் காட்டினாள்: 61. வாசலில் வந்த பணம் அத்தனையும் குழுவுக்குப் போயிற்று. வாடகையும் மற்றச் செலவும் என் சேமிப்பிலிருந்து போயின. குழுவின் மீது ஒரு குறையும் இல்லை. வந்த 61 பேருக்கும் அவர்கள் மனமார வாசித்தார்கள்.

அதற்காக எல்லாரிடமும் பங்கு மட்டும் பேசுவது நியாயமாகாது. நெடுந்தூரம் வண்டி வைத்து வரும் குழுவுக்கு எரிபொருளும் தங்குமிடமும் நிச்சயச் செலவுகள். அவர்களிடம் சிறிய உறுதித் தொகை ஒன்றைப் பேசி, அதுவா வசூல் பங்கா, எது அதிகமோ அதைத் தருவதாக ஒப்புக்கொள்வதே முறை. தொழிலில் பரவலாக வழங்கும் ஏற்பாடும் இதுதான்.

இரண்டாவது வழி, பெரிய நிறுவனத்தில் வேலை. இங்கே நஷ்டம் உங்கள் தலையில் விழாது. ஒப்பந்தம், காப்பீடு, அனுமதி என்று ஒழுங்காகப் பயிற்சி கிடைக்கும். ஆனால் 1990களின் பிற்பகுதியில் எஸ்எஃப்எக்ஸ் நிறுவனம் அமெரிக்காவின் வட்டார ஏற்பாட்டாளர்களை ஒவ்வொருவராக விலைக்கு வாங்கியதிலிருந்தே இந்தத் தொழில் சில பெரிய கைகளுக்குள் சேர்ந்துவருகிறது. 2010இல் நிகழ்ச்சிகள் நடத்தும் லைவ் நேஷனும் டிக்கெட் விற்கும் டிக்கெட்மாஸ்டரும் இணைந்தபின் நிகழ்ச்சியும் அரங்கும் டிக்கெட் விற்பனையும் ஒரே கூரைக்குக் கீழ் வந்தன. அப்படிப்பட்ட இடத்தில் புதிதாகச் சேர்பவருக்கு ஒரு மூலை மட்டுமே கண்ணில் படும். அதைவிடப் பெரிய குறை இன்னொன்று. கலைஞர்களின் முகவர்கள் உங்கள் அழைப்பை எடுப்பது நிறுவனத்தின் பெயருக்காக. வேலையை விட்டு வெளியே வந்தால் அந்த உறவில் எவ்வளவு உங்களோடு வரும் என்பது அப்போதுதான் தெரியும்.

மாணவர் மன்றம் மூன்றாவது வழி. பிரிட்டிஷ் ஏற்பாட்டாளர் ஹார்வி கோல்ட்ஸ்மித் 1966இல் இங்கிலாந்தின் பிரைட்டனில் மருந்தாக்கியல் மாணவராக இருந்தபோது நிகழ்ச்சி நடத்தத் தொடங்கியவர். 1985இல் பஞ்ச நிவாரணத்துக்காக நடந்த லைவ் எய்ட் இசை நிகழ்ச்சியின் ஏற்பாட்டில் முக்கியப் பங்காற்றினார். அரங்கும் கூட்டமும் கல்வி நிலையத்திலேயே இருப்பதால் இதைவிடப் பாதுகாப்பான பயிற்சிக்களம் கிடையாது. மாணவராக இருந்தால் இந்த வாய்ப்பைத் தவறவிடாதீர்கள். படிப்பை முடித்தவர்களுக்கு இந்தக் கதவு திறக்காது.

என் தேர்வு நான்காவது வழி: சிறிய அரங்கு ஒன்றில் சம்பளத்துக்குச் சேருவது, கூடவே ஆண்டுக்கு இரண்டு மூன்று நிகழ்ச்சிகளைச் சொந்தமாக நடத்துவது. அரங்குக்கு எல்லா ஏற்பாட்டாளர்களும் வருவார்கள். நிகழ்ச்சி முடிந்த பிறகு உள்ளறையில் நடக்கும் கணக்கு முடிப்பைப் பாருங்கள். ஒரு பக்கம் ஏற்பாட்டாளர், எதிரே குழுவின் பயண மேலாளர், நடுவில் ரசீதுகள். அச்சடித்த சுவரொட்டிக்கு ரசீது எங்கே என்று மேலாளர் கேட்பார். ரசீது இல்லாத செலவைக் கோடு போட்டு அடிப்பார். அந்த மேசையருகே இருபது இரவுகள் நின்றவருக்கு, பிறர் பணத்தில் இருபது பாடங்கள் கிடைத்துவிடும்.

புகழ்பெற்ற அமெரிக்க ராக் இசை ஏற்பாட்டாளர் பில் கிரஹாம் நுழைந்த விதமும் ஏறக்குறைய இதுதான். சான் பிரான்சிஸ்கோவில் ஒரு நாடகக் குழுவின் நிர்வாகியாக இருந்தார். அந்தக் குழுவின் வழக்குச் செலவுக்காக 1965 நவம்பரில் நிதி திரட்டும் நிகழ்ச்சி ஒன்றை நடத்தினார். கூட்டம் குவிந்தது. அடுத்த மாதமே ஃபில்மோர் அரங்கில் இரண்டாவது நிகழ்ச்சி. முழுநேர ஏற்பாட்டாளராக மாறியது அதற்குப் பிறகுதான்.

இந்த வழியிலும் ஒரு சிக்கல் உண்டு. அரங்கில் வேலை பார்த்துக்கொண்டே சொந்த நிகழ்ச்சிக்கு நல்ல தேதிகளை ஒதுக்கிக்கொண்டால், மற்ற ஏற்பாட்டாளர்களின் நம்பிக்கை போய்விடும். அதனால் முதலாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு வேறு அரங்கைத் தேடுங்கள். 200 பேருக்கான இடம் வேண்டாம், 80 பேருக்கானது போதும். 70 பேர் வந்தால் அங்கே சுவரோரம்வரை ஆட்கள் நிற்பார்கள். அதே 70 பேர் பெரிய அரங்கில் பின்வரிசைகளில் சிதறி நிற்பார்கள். மேடையில் இருப்பவர்களுக்கு வெற்றுத்தரை மட்டுமே தெரியும்.