மனை விற்பவர்களுக்கான ஓ.ஆர்.எம். பேக்கேஜ்: எதற்குக் காசு, எதற்கு வம்பு

எங்களுடையது செங்கல்பட்டு பக்கம் லேஅவுட் போட்டு மனை விற்கிற சின்ன நிறுவனம். விளம்பரம், வெப்சைட், வாட்ஸ்அப்பில் வரும் விசாரணை எல்லாம் என் பொறுப்பு. போன வருஷம் முதலாளி ஒரு ஏஜென்சியிடம் ஓ.ஆர்.எம். (ஆன்லைன் ரெபுடேஷன் மேனேஜ்மென்ட்) பேக்கேஜுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். இணையத்தில் நம் பெயர் கெடாமல் பார்த்துக்கொள்கிற சேவை என்று சொல்லித்தான் விற்கிறார்கள். மாதம் 45,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. ஏஜென்சியின் பெயரைச் சொல்லப்போவதில்லை, சொல்லியும் பிரயோஜனமில்லை. அதே சமயத்தில் எங்களுக்கு வந்த மற்ற கொட்டேஷன்களையும் பார்த்தேன், எல்லாவற்றிலும் இதே சரக்குதான், மேல் அட்டை மட்டும் வேறு.

மார்க்கை முதலிலேயே போட்டுவிடுகிறேன். இணையத்தில் நம் பெயர் எங்கே வருகிறது என்ற கண்காணிப்புக்கு ஐந்துக்கு நாலு. ரிவ்யூ வேலைக்கு பூஜ்யம். லிங்க் வேலைக்கு, அதாவது மற்ற தளங்களிலிருந்து நம் தளத்துக்கு இணைப்பு போடவைக்கிற வேலைக்கு, பூஜ்யம்கூடக் கிடையாது, ஏனென்றால் பூஜ்யம் வாங்கியவர் நமக்குக் கெடுதல் செய்யவில்லை என்று அர்த்தமாகிவிடும்.

மனை வாங்குகிறவர் வாழ்நாளில் ஒரு தடவையோ இரண்டு தடவையோதான் வாங்குவார். சைட் விசிட் முடிந்து வண்டியில் ஏறியதும் நிறுவனத்தின் பெயரை கூகுளில் போட்டுப் பார்ப்பார். அவர் பார்க்காவிட்டால் துபாயிலோ நியூஜெர்சியிலோ இருக்கும் மகன் பார்ப்பான், அப்பாவுக்கு போன் போட்டு “இவங்க மேல கம்ப்ளெய்ன்ட் இருக்குப்பா, அட்வான்ஸ் கொடுத்துடாதீங்க” என்பான். நான் நேரில் பார்த்த கேன்சல்களில் பாதி இப்படித்தான் நடந்தன. அதனால் ஒரு ஒற்றை நட்சத்திர ரிவ்யூவைப் பார்த்தாலே புரமோட்டர்களுக்கு வயிற்றைக் கலக்கும், ஏஜென்சிக்காரர்களுக்கு அந்தக் கலக்கம்தான் மூலதனம்.

ரிவ்யூ வேலை எப்படி நடந்தது என்று சொல்கிறேன். இரண்டாவது வாரத்திலிருந்து எங்கள் கூகுள் பக்கத்தில் ஐந்து நட்சத்திரங்கள் கொட்ட ஆரம்பித்தன. முதலாளி முகத்தில் ஒரே சிரிப்பு. ஒவ்வொன்றாகத் திறந்து படித்தேன். “லிஃப்ட் வசதி அருமை, ஜிம் சூப்பர், ஃபேமிலிக்கு ஏற்ற அபார்ட்மென்ட்” என்று ஒருவர் எழுதியிருந்தார். எங்களிடம் இருப்பது செம்மண்ணும் எல்லைக் கல்லும்தான், ஒரு மாடிப்படிகூடக் கிடையாது. எழுதியவரின் பெயரைத் தட்டினால் அவர் அதே வாரத்தில் இந்தோரில் ஒரு பல் டாக்டரையும் லூதியானாவில் ஒரு டயர் கடையையும் பாராட்டியிருக்கிறார். இதைக் கண்டுபிடிக்க துப்பறியும் மூளை எல்லாம் வேண்டாம், பெயரைத் தட்டினாலே போதும். மனைக்கு முப்பது இலட்சம் எடுத்து வைக்கப்போகிறவர் கட்டாயம் தட்டுவார்.

ஏஜென்சியின் அக்கவுன்ட் மேனேஜரிடம் கேட்டதற்கு, “சார், கன்டென்ட் டீம் மிஸ்டேக், மாத்திடுறோம்” என்றார். மாற்றினார்கள், லிஃப்டை எடுத்துவிட்டு “கிரீன் பெல்ட் வியூ” என்று போட்டார்கள்.

போலி ரிவ்யூ என்று தெரிந்தால் கூகுள் அதை நீக்குவதோடு விடுவதில்லை. அந்தப் பக்கத்துக்குக் கொஞ்ச காலம் புது ரிவ்யூவே வராதபடி தடை போடலாம், போலி ரிவ்யூக்கள் நீக்கப்பட்டன என்ற எச்சரிக்கையையும் பக்கத்தில் காட்டலாம். ஒற்றை நட்சத்திரத்தைவிட அந்த எச்சரிக்கை எவ்வளவு மோசம் என்று யோசித்துக்கொள்ளுங்கள். நம் நாட்டு விதி என்று பார்த்தால், ஆன்லைன் ரிவ்யூக்களுக்காக 2022 நவம்பரில் வந்த ஐ.எஸ். 19000 என்ற இந்தியத் தரநிலை, விற்பவர் காசு கொடுத்து எழுதவைத்த ரிவ்யூக்களை அனுமதிக்கக் கூடாது என்கிறது. அது விருப்பத்தின் பேரில் பின்பற்றுவதுதான், கட்டாயமில்லை. ஆனால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ஏமாற்று விளம்பரத்துக்கு 10 இலட்சம் வரை, திரும்பச் செய்தால் 50 இலட்சம் வரை அபராதம் போட மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. அமெரிக்காவில் போலி ரிவ்யூவை வாங்குவதையும் விற்பதையும் தடுக்கும் தனி விதியே 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஏஜென்சியின் பவர்பாயின்டில் இதில் ஒரு வரிகூடக் கிடையாது.

போலி ரிவ்யூவைவிட எனக்கு அதிக எரிச்சல் தந்தது வேறொன்று. பத்திரப்பதிவு முடிந்தவர்களுக்கு ஏஜென்சி ஒரு வாட்ஸ்அப் லிங்க் அனுப்பும். “எங்கள் சேவை பிடித்திருந்ததா?” பிடித்தது என்று தட்டினால் கூகுள் பக்கம் திறக்கும், பிடிக்கவில்லை என்று தட்டினால் ஒரு ஃபார்ம் திறக்கும், எழுதியது யார் கண்ணிலும் படாமல் ஏஜென்சியின் மெயிலுக்குப் போய்ச் சேரும். பார்ப்பதற்கு மரியாதையான ஏற்பாடு, ரிவ்யூ எழுதுகிறவரும் நிஜ வாடிக்கையாளர்தான். ஆனால் இப்படி வடிகட்டி நல்லதை மட்டும் கேட்டு வாங்குவதை கூகுளின் விதிகள் தடுக்கின்றன. பெரிய பில்டர்கள்கூட இதைத் தப்பில்லை என்று நினைத்துச் செய்கிறார்கள்.

சரி, இருக்கிற கெட்ட ரிவ்யூவை எடுத்துத் தருவோம் என்றார்களே, அது? ஆளாளுக்கு ஒரு கணக்கிலிருந்து அதை ‘ரிப்போர்ட்’ செய்தார்கள். ஒன்றும் போகவில்லை. விதியை மீறிய ரிவ்யூவைத்தான் கூகுள் எடுக்கும், நமக்குப் பிடிக்கவில்லை என்பது காரணமாகாது. நியாயமும் அதுதான்.

அந்த ரிவ்யூவை இங்கே சொல்லியாக வேண்டும். எங்கள் லேஅவுட்டில் மனை வாங்கிய ஒருவர், நோட்டீஸில் பூங்கா என்று பச்சையாகப் படம் போட்டிருந்தீர்கள், போய்ப் பார்த்தால் சீமைக் கருவேலம்தான் ஆள் உயரத்துக்கு நிற்கிறது, பாம்பு வேறு, என்று எழுதியிருந்தார். விஷயம் என்னவென்றால், பெரிய லேஅவுட்டில் 10 சதவீத இடத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும், ஓ.எஸ்.ஆர். நிலம் என்போம். எழுதிக் கொடுத்த பிறகு அது பஞ்சாயத்தின் சொத்து, புரமோட்டருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சட்டப்படி நாங்கள் சொல்வது சரி, ஆனால் நோட்டீஸில் அந்த இடத்தில் ஊஞ்சல் வரைந்தது பஞ்சாயத்து இல்லையே. ஏஜென்சி எழுதி அனுப்பிய பதில் “அன்பான வாடிக்கையாளரே, உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம்” என்று ஆரம்பித்து அதே மாதிரி முடிந்தது. அதைப் போடாமல், இடம் யாருடையது என்பதை இரண்டு வரியில் சொல்லி, பஞ்சாயத்தில் அனுமதி கேட்டிருக்கிறோம், கருவேலத்தை எங்கள் செலவில் எடுக்கிறோம் என்று பதில் எழுதினோம். ஜேசிபி போனது, படமும் போட்டோம். அவர் ரிவ்யூவை நீக்கவில்லை, ஒற்றை நட்சத்திரத்தை மூன்றாக்கி “பூங்கா இன்னும் வரவில்லை, முள் போய்விட்டது” என்று ஒரு வரி சேர்த்தார். பிறகு சைட்டுக்கு வந்தவர்களில் சிலர் அந்த ரிவ்யூவைச் சொல்லியே பேச்சை ஆரம்பித்தார்கள். ஜேசிபிக்கு ஆன செலவு ஏஜென்சியின் ஒரு மாதக் கட்டணத்தைவிடக் குறைவு.

அடுத்து லிங்க். ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர், யார் யார் இணைப்புக் கொடுக்கிறார்கள் என்பதை வைத்து அதன் மதிப்பை அளப்பதுதான் 1998-இல் லாரி பேஜும் செர்கே பிரின்னும் கூகுளை ஆரம்பித்தபோது கையில் வைத்திருந்த யோசனை. அன்றிலிருந்தே இணைப்பை விலைக்கு வாங்குகிற தொழிலும் கூடவே வளர்ந்துவிட்டது. 2011-இல் அமெரிக்காவின் ஜே.சி. பென்னி கடைக்காக ஆயிரக்கணக்கான சம்பந்தமில்லாத தளங்களில் இணைப்பு போட்டிருந்ததை நியூயார்க் டைம்ஸ் வெளியே கொண்டுவந்தது. கூகுள் கை வைத்ததும், ஒரு பெட்டி வகைக்கான தேடலில் முதலிடத்தில் இருந்த கடை இரண்டே மணி நேரத்தில் 71-ஆம் இடத்துக்குப் போனது. அடுத்த ஆண்டு ஜனவரியில் கூகுள் தன் சொந்த குரோம் பக்கத்தையே கீழே இறக்கியது, அதற்காகச் செய்த விளம்பரத்தில் காசு கொடுத்த இணைப்பு ஒன்று இருந்ததற்காக! அதே 2012 ஏப்ரலில்தான் இப்படிப்பட்ட இணைப்புகளைப் போடும் தளங்களைக் கீழே இறக்குகிற பென்குவின் என்ற கூகுள் மாற்றம் வந்தது.

இவ்வளவு நடந்த பிறகும் எங்களுக்கு மாதாமாதம் ஒரு எக்ஸெல் ஷீட் வரும். முதல் பத்தியில் தளம், அடுத்து இணைப்புச் சொல் (தட்டினால் எங்கள் தளத்துக்கு வரும் வார்த்தைகள்), அடுத்து டி.ஏ. (டொமைன் அத்தாரிட்டி), கடைசியில் பச்சை நிறத்தில் ‘லைவ்’. தளங்களைத் திறந்தேன். ஒன்று சமையல் குறிப்பு, ஒன்று போர்ச்சுகீசிய மொழியில் நாய் வளர்ப்பு, இன்னொன்று சூதாட்டம். எல்லாவற்றிலும் இணைப்புச் சொல் ஒன்றேதான்: ‘பெஸ்ட் டிடிசிபி பிளாட்ஸ் நியர் கூடுவாஞ்சேரி’ (டிடிசிபி என்பது லேஅவுட்டுக்கு அங்கீகாரம் தரும் நகர் ஊரமைப்பு இயக்ககம்). பிரேசிலில் நாய் வளர்ப்பவர் எதற்குக் கூடுவாஞ்சேரி மனையைச் சிபாரிசு செய்கிறார் என்று கூகுளுக்குச் சந்தேகம் வராதா? டி.ஏ. ஐம்பதுக்கு மேல் என்று பெருமையாகப் போட்டிருந்தார்கள். அது மோஸ் என்ற நிறுவனம் தானே கணக்குப் போடும் மதிப்பெண், கூகுள் அதைப் பயன்படுத்துவதில்லை. ஆனால் மீட்டிங்கில் ‘டி.ஏ. 54’ என்றால் முதலாளிகள் தலையாட்டுகிறார்கள்.

இப்போதெல்லாம் இந்த மாதிரி இணைப்புகளை கூகுள் பெரும்பாலும் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடுகிறது, 2016-க்குப் பிறகு போக்கு அப்படித்தான். ஆக, நல்லபடியாகப் போனால் காசு மட்டும் வீண். மோசமாகப் போனால், தளம் வைத்திருப்பவர்களுக்கு கூகுள் தரும் சர்ச் கன்சோலில் ‘இயற்கையல்லாத இணைப்புகள்’ என்று நேரடி நடவடிக்கை நோட்டீஸ் வரும், அப்புறம் ஒவ்வொரு தளமாகக் கெஞ்சி இணைப்பை எடுக்கச் சொல்லி, முடியாததை, இவற்றைக் கணக்கில் எடுக்காதீர்கள் என்று கூகுளிடம் கொடுக்கும் ‘டிசவோ’ பட்டியலில் போட்டு, மறுபரிசீலனைக்கு விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். காசு கொடுத்து வாங்கிய இணைப்பே கூடாது என்றில்லை, அதில் ‘ஸ்பான்சர்டு’ என்ற குறியீடு போட வேண்டும், அவ்வளவுதான். 2019-இல் இருந்து அந்தக் குறியீடு இருக்கிறது. ஏஜென்சியிடம் போடச் சொன்னேன். “போட்டா ஜூஸ் பாஸ் ஆகாது சார்” என்றார்கள், அதாவது அந்த இணைப்பால் கூகுளில் நம் மதிப்பு ஏறாதாம். அப்படியானால் எதை விற்றார்கள் என்பது அவர்கள் வாயாலேயே வந்துவிட்டது.

ரியல் எஸ்டேட்காரர்களுக்கு இதில் தனியாக ஒரு கண்ணி இருக்கிறது, இதைத்தான் நான் முக்கியமாக எழுத நினைத்தேன். பேக்கேஜில் ‘பிரஸ் ஆர்ட்டிக்கிள்’ என்று மாதம் சில கட்டுரைகள் உண்டு, ஏதோ ஒரு செய்தித் தளத்தின் ஓரத்தில் வரும். எங்கள் லேஅவுட்டைப் பற்றி வந்த ஒன்றில் ‘மெட்ரோவுக்கு நடந்து போகும் தூரம்’ என்று இருந்தது. மெட்ரோ மீனம்பாக்கம் விமான நிலையத்தோடு நிற்கிறது. அங்கிருந்து எங்கள் சைட்டுக்கு நடப்பவர் வழியில் ஒரு ராத்திரி தங்கித்தான் வர வேண்டும். கிளாம்பாக்கம் பேருந்து முனையத்திலிருந்து 10 நிமிடம் என்றும் இருந்தது, எந்த வண்டியில் என்று இல்லை.

இது சிரித்துவிட்டுப் போகிற விஷயமில்லை. 2016-ஆம் ஆண்டு ரெரா சட்டத்தின் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) 11(2) பிரிவுப்படி விளம்பரம் எதுவானாலும் திட்டத்தின் பதிவு எண்ணும் ரெரா ஆணையத்தின் இணையதள முகவரியும் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். அந்தக் கட்டுரை எதிலும் எண் இல்லை. கட்டுரை மாதிரி எழுதிவிட்டால் விளம்பரம் ஆகாது என்று ஏஜென்சி நினைத்துக்கொண்டிருக்கிறது. விதிமீறலுக்குத் திட்ட மதிப்பில் 5 சதவீதம் வரை அபராதம் போடலாம், பதிவே செய்யாத திட்டத்தை விளம்பரம் செய்தால் 10 சதவீதம் வரை. விளம்பரத்தில் இருந்த பொய்யை நம்பி முன்பணம் கொடுத்து நஷ்டப்பட்டவர் 12-ஆம் பிரிவில் இழப்பீடு கேட்கலாம். மாட்டப்போவது புரமோட்டர், எங்கோ உட்கார்ந்து நடந்து போகும் தூரம் என்று தட்டியவர் இல்லை. அந்தக் கட்டுரைகளை எடுக்கச் சொல்லி நான் அனுப்பிய மெயில்கள்தான் இந்த பேக்கேஜில் நான் செய்த பெரிய வேலை.

நாலு மார்க் எதற்கு என்று கேட்பீர்கள். கண்காணிப்பு நிஜமாகவே நன்றாக இருந்தது. எங்கள் பெயர் எங்கே வந்தாலும் காலையில் மெயில் வந்துவிடும். அப்படித்தான் ஒரு புரோக்கர் எங்கள் சைட் படங்களை எடுத்து, அங்கீகாரம் இல்லாத வேறு மனைக்குப் போட்டு ஒரு பெரிய போர்ட்டலில் விற்றுக்கொண்டிருந்தது தெரிந்தது. போர்ட்டலுக்கு எழுதினோம், இறக்கினார்கள். இது நடந்திருக்காவிட்டால் அந்த மனையை வாங்கி ஏமாந்தவர் எங்கள் பெயரில்தான் ஒற்றை நட்சத்திரம் போட்டிருப்பார். ஒரு மார்க் குறைத்தது, தமிழில் எழுதியதை அவர்கள் மென்பொருள் பாதிக்கு மேல் தவறவிட்டதால். ‘பட்டா உட்பிரிவு ஆகல’ என்று ஒருவர் ஃபேஸ்புக்கில் எழுதியது எங்களுக்கு டீக்கடையில்தான் தெரியவந்தது. சின்ன நிறுவனம் என்றால் கூகுள் அலர்ட்ஸை இலவசமாகவே வைத்துக்கொள்ளலாம், பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் கொடுங்கள், எழுத்துப்பிழையோடும் ஒன்று கொடுங்கள்.

எடுக்கத்தான் போகிறேன் என்பவர்கள் கண்காணிப்பை மட்டும் தனியாகக் கேளுங்கள், பேரம் பேசினால் கொடுக்கிறார்கள். கூகுள் பக்கத்தின் முதன்மை உரிமையாளர் உங்கள் நிறுவனத்தின் மெயிலாக இருக்கட்டும். எங்களுடையதை ஏஜென்சி தன் மெயிலில் வைத்திருந்தது, நிறுத்தப்போகிறோம் என்றதும் போனை எடுக்கவில்லை, கூகுளிடம் உரிமை கோரித்தான் வாங்க வேண்டியிருந்தது. போட்ட இணைப்புகளின் முழுப் பட்டியலும் கேட்டோம். பட்டியல் வந்தது, கூடவே ஒரு கொட்டேஷனும்: இணைப்பை எடுத்துத் தர ஒன்றுக்கு இவ்வளவு, ஜிஎஸ்டி தனி.