நாடுகளோட கார்பன் டேட்டா: ரொம்ப நாள் யூஸ் பண்ணவன் சொல்றேன்

கூட்டாளி மக ஃபார்ம் சிக்ஸ் படிக்குது, கோர்ஸ்வொர்க்குக்கு மலேசியாவையும் இந்தோனேசியாவையும் ஒப்பிடணுமாம், எந்த டேட்டாவ நம்பறது அங்கிள்னு கேட்டுச்சு. டியூஷன் பிள்ளைங்களுக்காக நான் பல வருஷமா இதெல்லாம் புரட்டறவன், அதான் எழுதறேன்.

எட்கார்ங்கற (EDGAR) டேட்டாபேஸ் எனக்கு ரொம்பப் பிடிக்கும், எந்த நாடு எவ்வளவு கரியமில வாயு, மீத்தேன் மாதிரி பூமிய சூடாக்கற வாயு விடுதுன்னு அதுல இருக்கும். ஐரோப்பிய ஆணையத்தோட ஆராய்ச்சி மையம் எல்லா நாட்டுக்கும் ஒரே மாதிரி கணக்குப் போட்டுக் குடுக்குது, 1970ல இருந்து எக்செல்ல இறக்கிக்கலாம், காசு கிடையாது. மீத்தேன பாக்கறப்ப மட்டும் கவனம், ஒரு டன் மீத்தேன் பழைய கணக்குல 21, அப்பறம் 25, இப்ப 28 டன் கார்பன் டை ஆக்சைடு சூடாக்கறதுக்குச் சமம். செம்பனை எண்ணெய் மில்லு கழிவுக் குளத்துல கொப்பளிக்கற அதே வாயு தான், டேபிளுக்கு டேபிள் எண்ணு மாறும்.

எனக்குத் தாங்க முடியாதது காடு நிலம் கணக்கு, அதாவது காடும் மண்ணும் எவ்வளவு கார்பன உறிஞ்சுது, எவ்வளவு விடுதுங்கறது. எட்கார் நாட்டு மொத்தத்துல அது சேராது. கிளைமேட் வாட்ச்ங்கற இன்னொரு டேட்டா வெப்சைட்ல சேர்த்தும் பாக்கலாம், விட்டும் பாக்கலாம், எதுனு போடாம படத்த மட்டும் வெட்டி ஒட்டறாங்க பாருங்க, அங்க தான் கோவம் வரும். நம்ம மலேசியா ஐநாவுக்குக் குடுத்த அறிக்கையில 2016க்கு 24.3 கோடி டன்னுக்கு மேல காடு உறிஞ்சிருச்சுன்னு கழிச்சிருக்கு. 2021ல வாஷிங்டன் போஸ்ட் இத தோண்டி, நாடு விடற வாயு மொத்தத்துல 73 சதவீதம் இப்படியே கழிஞ்சு போகுது, இந்தோனேசியா காட்டவிட நாலு மடங்கு வேகமா உறிஞ்சற கணக்கா இருக்குன்னு எழுதுச்சு.

நான் இருக்கறது ஹிலிர் பேராக் பக்கம். இங்க பீட் மண்ணு, அதாவது முழுசா மக்காத செடி கொடி சேர்ந்த சதுப்பு மண்ணு, அதுல வாய்க்கா வெட்டி தண்ணிய வடிச்சா மண்ணு காத்துபட்டு மக்கி கார்பனா போகுது, தரை இறங்கி செம்பனை வேரு வெளிய வந்து மரமே சாஞ்சு நிக்குது, கண்ணால பாக்கறோம். நியாயமா சொன்னா இத அளக்கறது எண்ணெய் லாரிய எண்ணற மாதிரி லேசு இல்ல, எந்த நாடா இருந்தாலும் திணறும், அது எனக்கும் புரியுது.

எட்கார அவ்வளவு புகழ்ந்தேன், ஆனா இன்னிக்கு கேட்டா நாட்டோட அறிக்கைய முதல்ல படிமான்னு தான் சொல்வேன், கழிச்ச காட்டு எண்ணு அதுல தான் டேபிளோட இருக்கு, எங்க ஊர் மண்ணு விஷயம் எட்கார் மொத்தத்துக்கு வெளிய நிக்குது.