அந்தியாஸ் மீன் வாங்க இருக்கிறவர்கள் ஒருக்கா வாசியுங்கள்: 38,500 ரூபாய் போய்விட்டது

நேற்றிரவு என்னை பிளாக் பண்ணிவிட்டார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கடல்மீன் விற்கும் ஒரு பேஸ்புக் பக்கம். கொழும்பில் இருந்து யாழ்ப்பாணத்துக்கு பஸ்ஸில் அனுப்புகிறார்கள். லயர்டெயில் அந்தியாஸ், ஆண் ஒன்று, பெண் ஆறு, மொத்தம் 38,500 ரூபாய். பவளப்பாறைக்கு மேலே செம்மஞ்சள் நிறத்தில் கூட்டமாக நிற்குமே, அதுதான். நீரோட்டத்தில் வரும் மிதவை உயிர்களைப் பகல் முழுக்கக் கொத்தித் தின்கிற மீன். பட்டினி தாங்காது. அதனால் நான் முதலில் கேட்டதே "சாப்பிடுதா தம்பி?" என்றுதான்.

உடனே வீடியோ வந்தது. ஏழும் பாய்ந்து பாய்ந்து சாப்பிடுகின்றன. பிறகு அவரே தொட்டி எத்தனை லீற்றர், என்ன உப்பு கலக்கிறீர்கள், உப்புத் தண்ணீரின் அடர்த்தி எவ்வளவு என்று கேட்டார். 1.025 என்றேன். "அப்ப சரி அண்ணை, உங்களுக்கு நம்பிக் குடுக்கலாம்" என்றார். அந்த ஒரு சொல்லில் முழுக் காசையும் வங்கியில் போட்டுவிட்டேன்.

சனிக்கிழமை விடிய பஸ் நிலையத்தில் பெட்டியை எடுத்தேன். வீட்டில் திறந்ததும் நாற்றம். பையில் தண்ணீர் பால்போலக் கலங்கியிருந்தது. நான்கு செத்து மிதந்தன. மற்ற மூன்றுக்கும் வயிறு ஒட்டி, முதுகு கத்திமுனை மாதிரி. ஆண் மீனே இல்லை! ஆணுக்கு முதுகில் மூன்றாவது முள் கொடிபோல நீண்டிருக்கும், நிறமும் ஊதா கலந்த சிவப்பு. வந்த ஏழும் செம்மஞ்சள் பெண்கள்.

விற்றவரிடம் கேட்டால், "ஆண் இல்லாட்டிப் பிரச்சினை இல்லை அண்ணை, பெரிய பெண் ஆணா மாறும்" என்றார். மாறும்தான், எனக்கும் தெரியும். அதற்கு முதலில் உயிரோடு இருக்க வேண்டாமா? ஆணுக்கென்று தனியாகக் காசு வாங்கினதை என்ன சொல்வது? பிறகு பஸ்காரர் வெயிலில் வைத்துவிட்டார்களாம். இரவு பஸ்ஸில் என்ன வெயில்? கடைசியாக, "கடல்தண்ணி அள்ளி ஊத்தினீங்களோ?" என்ன உப்பு என்று கேட்டு, சரி என்று சொன்னதே அவர்தான். செத்தால் காசு திரும்ப என்று எழுதித் தந்த 38,500 ரூபாயில் ஒரு சதமும் வரவில்லை.

முழுக் காசையும் முதலே போடாதீர்கள். வீடியோ கேட்டால் உங்கள் பெயரும் அன்றைய திகதியும் எழுதின துண்டைத் தொட்டியில் ஒட்டி எடுக்கச் சொல்லுங்கள். பையைப் பிரிக்க முதல் நீங்களும் வீடியோ எடுங்கள். இன்னும் எழுத இருந்தேன், இப்போது முடியவில்லை.

ஞாயிறு ஒன்று செத்தது. மிஞ்சின இரண்டும் கல்லுக்குப் பின்னால் ஒளிந்து நிற்கின்றன. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா ஆர்ட்டீமியா (மீனுக்குப் போடும் பொடி இறால் போன்ற உயிர்) போடுகிறேன். சின்னது மட்டும் இன்று இரண்டு தரம் கொத்தினது.